உப்புத்தாளை எடுக்கும் முன்: பழைய மேசையும் பலகைத் தரையும்

தாத்தா காலத்துத் தேக்கு மேசை ஒன்று உங்களிடம் வந்திருக்கிறது. மேற்பரப்பு கறுத்து, கை வைத்தால் பிசுபிசுக்கிறது. நடுவில் வெள்ளை வளையங்கள், ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை. அதே வீட்டு மாடி அறையின் பலகைத் தரை, ஆள் நடக்கும் பாதையில் மட்டும் மங்கிக் கிடக்கிறது. இரண்டையும் இயந்திரத்தால் வெறும் மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டுப் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சைப் பூசச் சொல்லி ஒருவர் யோசனை கூறியதாகவும், எந்தப் பூச்சு வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பூச்சு என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இப்போது இருப்பதில் எவ்வளவை எடுப்பது என்பதைத்தான். பூச்சு பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தேய்த்தெடுத்த மரம் திரும்பி வராது. பழைய மரச்சாமான்களைச் சீர்செய்து மெருகேற்றும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை முழுத் தேய்ப்பு தேவைப்படாதவை.

பிசுபிசுப்பிலிருந்து தொடங்குகிறேன். பழைய மேசையின் கறுப்பு பெரும்பாலும் மரத்தின் நிறமும் அல்ல, பூச்சின் நிறமும் அல்ல. ஆண்டுக்கணக்கில் படிந்த மெழுகு, கைகளின் எண்ணெய்ப் பசை, புகை, தூசி எல்லாம் சேர்ந்து இறுகிய அழுக்குப் படலம் அது. ஆகவே முதல் வேலை கழுவுவது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். நீர் எங்கும் தேங்கக் கூடாது. காய்ந்த பிறகு மினரல் டர்பன்டைனை (எண்ணெய் வண்ணத்தை இளக்கும் பெட்ரோலியத் திரவம்) வெள்ளைத் துணியில் தொட்டுத் துடைத்தால் மெழுகும் எண்ணெய்ப் பசையும் கரைந்து வரும். நன்கு காய்ந்த அரக்கு மெருகையோ (ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசுவது) வார்னிஷையோ அது கரைப்பதில்லை என்பதால் தயங்காமல் செய்யலாம். துணியில் பழுப்பு இறங்குவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். இந்த ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்ளும் அளவுக்குப் பளிச்சென்று வெளிவரும் மேசைகள் உண்டு. கழுவிய பின்னும் விளிம்பிலோ இழுப்பறைப் பிடியைச் சுற்றியோ நகம் பட்டால் குழிகிறது என்றால், தோலின் எண்ணெய் அங்கே பூச்சையே இளக்கிவிட்டது என்று பொருள். அந்தப் பூச்சு மீண்டும் இறுகாது. அந்த இடத்தில் அதை எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது, மேசையின் மேல் இருப்பது என்ன பூச்சு என்று கண்டுபிடிப்பது. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் சிக்கலோடு வருகிறார்கள். மேசையைப் புரட்டுங்கள். விளிம்பின் அடியில் பழைய பூச்சு வழிந்து உறைந்திருக்கும் ஓர் இடம் கட்டாயம் இருக்கும். பஞ்சுக் குச்சியை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் (குடிக்க முடியாதபடி நச்சு கலந்த சாராயம்) நனைத்து அங்கே அரை நிமிடம் வைத்திருங்கள். எடுக்கும்போது பஞ்சு ஒட்டிக்கொண்டு இழை இழையாகப் பிரிந்து, முனையில் தேன் நிறம் ஏறியிருந்தால் அது அரக்கு மெருகு. ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை என்றால் அதே சோதனையை லாக்கர் தின்னரில் செய்யுங்கள்; அதில் கரைந்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தொழிற்சாலைச் சாமான்களில் இது 1920களுக்குப் பிறகே பரவலாக வந்தது. ஸ்பிரிட்டை முதலில் தொடுவது முக்கியம், ஏனென்றால் தின்னர் அரக்கையும் இளக்கக்கூடும். தின்னர் பட்டுப் பூச்சு கரையாமல் சுருங்கிக் கொப்பளித்தால் அது வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன். படலம் எதுவுமே இல்லாமல், வைத்த ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால், முன்பு எண்ணெயோ மெழுகோ மட்டும் பூசியிருக்கிறார்கள். அரக்கைக் காட்டும் ஸ்பிரிட் சோதனை உறுதியானது. வார்னிஷையும் பாலியூரித்தேனையும் வீட்டுச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை.

உங்கள் மேசை அரக்கு மெருகாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். வெள்ளை வளையம் அதற்கு ஒரு குறி, ஆனால் முடிவான சான்று அல்ல. அரக்காக இருந்தால் அது நல்ல செய்தி. காய்ந்து எத்தனை ஆண்டுகள் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் அது இளகும். இளகி மறுபடி இறுகும். வெள்ளை வளையம் என்பது பூச்சுக்குள் சிக்கிய ஈரம், மரம்வரை போன கறை அல்ல. மென்மையான பருத்தித் துணியை மடித்து, ஸ்பிரிட்டை அதில் தொட்டு, புறங்கையில் ஒற்றிப் பாருங்கள். குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. அந்த அளவு துணியால் வளையத்தின் மேல் நிற்காமல் லேசாக வீசித் துடையுங்கள். துணி போன தடத்தில் ஒரு நொடி மங்கல் தோன்றி ஆவியாகி மறையும். ஒவ்வொரு முறையும் வெண்மை சற்றே குறையும். பொறுமையாகப் பல தடவை செய்ய வேண்டிய வேலை இது. துணி ஒட்டி இழுத்தால் உடனே நிறுத்திக் காயவிடுங்கள். மெருகு வறண்ட குளத்து மண்போல நுண்ணியதாக வெடித்திருந்தால், ஸ்பிரிட்டை மெல்லிய தூரிகையால் பரவலாகத் தடவி அதே மெருகை இளக்கிச் சமமாக்கலாம். எடுப்பதும் இல்லை, தேய்ப்பதும் இல்லை. அது நன்றாக இறுகிய பிறகு மேலே புதிய அரக்கு இரண்டு மூன்று பூச்சுகள் கொடுத்தால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். இந்தக் குணம் பாலியூரித்தேனுக்குக் கிடையாது.

கறுப்புக் கறை வேறு கதை. அங்கே நீர் பூச்சைக் கடந்து மரத்துக்குள் போயிருக்கிறது. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் நீரில் சேரும்போது கருநிறம் உண்டாகிறது. ஆணி, இரும்புப் பாத்திரத்தின் அடி, குழாய் நீரிலுள்ள இரும்பு எதுவும் காரணமாக இருக்கலாம். உப்புத்தாளால் துரத்தினால் கறை இறங்கிய ஆழத்துக்கு மரத்தில் பள்ளம் விழும். இதற்கு மருந்து ஆக்சாலிக் அமிலம். அந்தப் பலகையின் பூச்சை முதலில் எடுத்துவிட்டு, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு அமிலப் பொடியைக் கரைத்து, பலகை முழுவதும் பூசுங்கள். கறையின் மேல் மட்டும் பூசினால் அங்கே வெளிறிய திட்டு நிற்கும். காய்ந்ததும் மேலே வெள்ளைப் படிகங்கள் பூக்கும். அவற்றைத் துடைப்பத்தால் தட்டவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். ஈரத் துணியால் பல முறை கழுவி, சமையல் சோடா கரைத்த நீரால் ஒரு முறை துடைத்து, மீண்டும் நல்ல நீரால் துடையுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். விழுங்கினால் நஞ்சு என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கரைசலை அப்படியே விட்டுவிட்டு நகரக் கூடாது. இரும்புக் கறை இதில் போய்விடும். மை, சாயம், எரிந்த தழும்பு ஆகியவை இந்த அமிலத்துக்குப் போவதில்லை.

பூச்சை முழுதாக எடுக்க வேண்டிய நிலை வந்தாலும் உப்புத்தாள் முதல் கருவி அல்ல. அரக்கை ஸ்பிரிட்டே எடுத்துவிடும்: நனைத்த துணியைப் போர்த்திச் சில நிமிடம் வைத்து, முனை மழுங்கிய தகட்டால் வழித்தால் போதும். வார்னிஷுக்குப் பெயிண்ட் ரிமூவர் வேண்டும். மெத்திலீன் குளோரைடு உள்ள ரிமூவரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் அதன் ஆவி ஆளைக் கொன்றிருக்கிறது. உடலுக்குள் போனதும் அது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாகவும் மாறுகிறது. அமெரிக்காவில் 2019இல் பொதுமக்களுக்கு அதை விற்பதையே தடை செய்தார்கள். பென்சைல் ஆல்கஹால் சேர்ந்தவை மெதுவாக வேலை செய்யும், சில சமயம் ஓர் இரவுகூட ஆகலாம். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல். சாமானிலோ தரையிலோ பழைய எண்ணெய் வண்ணம் பூசியிருந்தால் அதில் ஈயம் இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு பரிசோதியுங்கள். அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடுத்ததே 1978இல்தான். ஈய வண்ணத்தை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி மாதக்கணக்கில் வீட்டில் சுற்றும். தவழும் குழந்தைக்கு அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது.

தேய்க்கத்தான் வேண்டும் என்றால், முதலில் மேசைப் பலகையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்து வந்தால் அது முழு மரம். மேலே ஒரு ரேகையும் விளிம்பில் வேறு மரமும் தெரிந்தால் அது வெனீர், அதாவது அடிமரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய மரத் தகடு. பழைய வெனீர் ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும், புதியது அதில் பாதி; இயந்திரம் ஒரே இடத்தில் சில நொடிகள் நின்றால் போதும், அடிமரம் வெளியே தெரிந்துவிடும். வெனீரில் கையால் மட்டும் தேய்க்கச் சொல்வேன். முழு மரத்தில் 120 எண் தாளில் தொடங்கி, 150, 180 என்று போங்கள் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்). ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 80. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிக்கத்தான். அதற்கு வேறு வேலை இல்லை. எல்லாத் தேய்ப்பும் ரேகை ஓடும் திசையிலேயே இருக்கட்டும். அழிந்ததா என்று பார்க்க, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு கைவிளக்கைப் பலகையோடு பலகையாகப் படுக்கவைத்துப் பாருங்கள். குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். இப்போது கண்ணில் படாத கீறல் சாயம் ஏறியதும் கறுப்புக் கோடாகத் தெரியும். 180க்கு மேல் போவது பெரும்பாலும் வீண். மிக வழவழப்பான மரம் சாயத்தைக் குடிக்காது. மரத்தூளை மூக்குப் புற்றுநோய்க்கு உறுதியான காரணங்களில் ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வகைப்படுத்தியது. என்95 தரத்து முகக்கவசம் இல்லாமல் இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

இப்போது பூச்சுக்கு வருவோம். இங்கே நான் சொல்வதில் பாதி அனுபவம், பாதி விருப்பம். வேறு தொழிலாளி வேறு விதமாகச் சொல்லலாம். பழைய மேசைக்குப் பாலியூரித்தேன் போடுவதை நான் விரும்புவதில்லை. அது நீருக்கும் சூட்டுக்கும் அரக்கைவிட நன்றாகத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது மிகக் கடினம். அடுத்த தலைமுறை அதை முழுதாக உரித்துத்தான் ஆக வேண்டும். அன்றாடம் சூடான பாத்திரங்கள் வைக்கும் மேசை என்றால் வார்னிஷ் வகை பொருந்தும். எழுதவும் பார்க்கவும் வைக்கிற மேசைக்கு அரக்கு போதும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. வார்னிஷ் பூசுவதற்குச் சற்று முன்பு தின்னரோ அசிட்டோனோ தொட்ட துணியால் துடைத்துவிட்டால் பிடிப்பு சரியாக இருக்கும். இல்லையென்றால் சில பலகைகளில் நாள்கணக்கில் காயாமல் ஒட்டும். சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்பிரே முன்பு அடித்திருந்தால் புதிய பூச்சு வட்ட வட்டமாக விலகிக் குழி விழும். அப்போது மெழுகு நீக்கிய அரக்கை ஒரு மெல்லிய பூச்சாக இடையில் கொடுத்தால் அது தடுப்பாக நிற்கும். மெழுகு நீக்கிய அரக்கு என்பதைக் கவனியுங்கள். சாதாரண அரக்கில் மெழுகு உண்டு, அதன் மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது.

எண்ணெய்த் துணிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மாட்டேன். ஆளி விதை எண்ணெயும் அது சேர்ந்த வார்னிஷும் சாயமும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகின்றன. விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். சுருட்டிப் போட்ட துணியில் உள்ளேயே கூடிக் கூடி, யாரும் நெருப்பு வைக்காமல் தானே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. மரப் பலகைகளை மெருகேற்றிய பின் விட்டுச்சென்ற ஆளி விதை எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். வேலை முடிந்ததும் துணிகளை வெளியே ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள். முடியாவிட்டால் நீர் நிறைந்த, மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்துங்கள். தரை தேய்க்கும் இயந்திரத்தின் தூசிப் பையும் இப்படிப் பற்றக்கூடியதே. அன்றன்றே வெளியே கொட்ட வேண்டும்.

தரைக்கு வருகிறேன். அங்கும் கேள்வி அதேதான். மங்கிய பாதையில் ஒரு சொட்டு நீரை வைத்துப் பாருங்கள். சில நிமிடம் முத்தாக நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. உடனே உறிஞ்சி மரம் கறுத்தால் அங்கே பூச்சு இல்லை. பூச்சு இருக்குமானால் தரையை முழுதாகத் தேய்க்கத் தேவையில்லை. பழைய பூச்சை மெல்லிய தாளால் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, மேலே ஒரு பூச்சு கொடுத்தால் போதும். மரத்தில் கை வைப்பதே இல்லை. ஒரே நிபந்தனை, தரையில் மெழுகு இருக்கக் கூடாது. வெள்ளைத் துணியில் மினரல் டர்பன்டைனைத் தொட்டுத் தேய்த்து, மஞ்சளாகவோ பழுப்பாகவோ கொழகொழவென்று வந்தால் மெழுகு இருக்கிறது. அதன் மேல் எந்தப் புதிய பூச்சும் நிற்காது.

முழுத் தேய்ப்புதான் வழி என்றால், பலகையின் தடிமனை முதலில் அளந்தாக வேண்டும். நிலைப்படியின் அருகிலோ குழாய் நுழையும் துளையிலோ வெட்டுமுகம் தெரியும். நாக்கும் காடியுமாக (ஒரு பலகை விளிம்பின் நீட்டல் அடுத்ததன் பள்ளத்தில் நுழையும்படி) பொருத்திய முழுமரப் பலகை வழக்கமாக 18, 19 மில்லிமீட்டர் இருக்கும்; அதில் நாக்குக்கு மேலே இருக்கும் சுமார் 6 மில்லிமீட்டரைத்தான் தேய்க்க முடியும். ஒரு முழுத் தேய்ப்பு அரை முதல் ஒரு மில்லிமீட்டரைக் கொண்டுபோகும். முன்பே சில முறை தேய்த்திருந்தால், பலகை இடுக்குகளில் ஆணித் தலையோ நாக்கோ எட்டிப் பார்க்கும். அந்தத் தரையை இனி இயந்திரத்தில் தேய்க்கக் கூடாது. பல அடுக்கு ஒட்டுப் பலகை என்றால் மேல் அடுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போது தொடவே வேண்டாம். பலகை மேல் முன்பு டைல் ஒட்டியிருந்து, கருப்புப் பசை எஞ்சியிருந்தால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும். பரிசோதனை முடிவு வரும்வரை சுரண்டக் கூடாது.

தரை தேய்க்கும் உருளை இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: தாள் தரையைத் தொடும்போது இயந்திரம் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நின்ற இடத்தில் இறக்கினால் அங்கே குழி விழும், பூச்சு ஏறிய பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் அது நிரந்தரமாகத் தெரியும். எல்லா ஆணிகளையும் பலகை மட்டத்துக்குக் கீழே தட்டி இறக்கிவிட்டு, 40 எண் தாளில் தொடங்கி 60, 80, 100 என்று போங்கள். சுவரோரம் தேய்க்கும் சிறிய இயந்திரமும் அதே எண்களில் கூடவே வர வேண்டும். இல்லையென்றால் ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறமாக நிற்கும். பலகை இடைவெளிகளைக் கெட்டியான புட்டியால் அடைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அதற்கு எதிரானவன். மரம் ஈரக் காலத்தில் அகலும், வறண்ட காலத்தில் சுருங்கும். இரண்டு பருவத்தில் புட்டி உடைந்து துண்டு துண்டாக எழும்பி வரும். எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் காலப்போக்கில் மஞ்சள் ஏறும், நீர் சார்ந்தது நிறம் மாறாமல் விரைவில் காயும். எண்ணெய் சார்ந்தது அடுத்த நாளே நடக்கும் அளவுக்குக் காய்ந்தாலும் முழுதாக இறுக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை விரிப்பு போட வேண்டாம். பழைய பலகைத் தரைக்குக் கடின மெழுகு எண்ணெய் (எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு) நல்லது என்பது என் கட்சி, ஏனென்றால் தேய்ந்த இடத்தை மட்டும் மறுபடி பூசலாம். அடிக்கடி கவனிக்க முடியாதவர்கள் பாலியூரித்தேனையே போடலாம்.

மேசையின் வயதையோ பண மதிப்பையோ எழுத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. அரிய பழம்பொருளாக இருக்கலாம் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், கழுவுவதற்கு முன்பே அதை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பழைய மேற்பரப்பு போனால் அத்தகைய சாமான்களின் மதிப்பில் பெரும் பகுதி போய்விடும். அந்தச் சந்தேகம் இல்லை என்றால் இந்த வாரம் மேசையைக் கழுவி, அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் சோதனை செய்து, தரையில் நீர்ச்சொட்டையும் பலகைத் தடிமனையும் பாருங்கள். உப்புத்தாள், இயந்திரம், பூச்சு எதுவும் அதுவரை வாங்க வேண்டாம். என்ன தெரிந்தது என்று எழுதினால் அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.